பதினோரு வீட்டுக் கவசம்

டிசம்பர் 14

அப்பா வேலை பார்க்கும் லாரி எடைமேடைக்குக் கப்பல் ஏஜெண்டுகள் வருஷா வருஷம் டைரி தருவார்கள். இந்த வருஷத்து டைரி பதினொன்றரை மாசம் பீரோ மேல் தூங்கிவிட்டு இன்றைக்குத்தான் என் தலையில் விழுந்தது. டிசம்பரில் மிச்சம் பதினெட்டுப் பக்கம். அது தீர்ந்தால் முன்னால் காலியாகக் கிடக்கும் ஜனவரிக்குப் போய்விடுவேன். கிழமை பொய் சொல்லும், தேதி சொல்லாது. என்னைவிட எவ்வளவோ தேவலை.

பெயர் ஷெரின் மெட்டில்டா. வயது பதினாறு. தூத்துக்குடி, ஹவுசிங் போர்டு, எச் பிளாக், இரண்டாம் மாடி. பிளாக்கில் மெட்டி என்பார்கள். காலில் போடுகிற மெட்டி அல்ல, காலை வாருகிற மெட்டி.

இந்த மாசச் சாதனை: லிஃப்டே இல்லாத எங்கள் பிளாக்கில் "லிஃப்ட் பழுது, படியைப் பயன்படுத்தவும்" என்று தாள் ஒட்டியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானதுரை மாமா (நான் சங்கடச் செயலாளர் என்பேன்) அதை முழுதாகப் படித்துவிட்டு, "எப்ப சரியாகுமாம்?" என்று கேட்டபடி படியேறிப் போனார். எழுதி ஒட்டினால் போதும், எங்கள் பிளாக் நம்பிவிடும்.

டிசம்பர் 17

சங்கக் கூட்டம். டிவியில் ஏதோ விவாதம் ஓடியதாம், போனில் வரும் ஆபாசத்தைப் பிள்ளைகள் பார்க்காமல் தடுப்பது யார் வேலை என்று. டிவியில் முடிந்த சண்டை எங்கள் மாடிப்படியில் தொடர்ந்தது.

"பெத்தவங்கதான் பாக்கணும்" என்றாள் அம்மா.

"பெத்தவங்க இருபத்திநாலு மணி நேரமும் பின்னாலயே நிக்க முடியுமா ரெஜினா? அரசாங்கம் குழாய மூடணும்" என்றார் ஞானதுரை மாமா. தண்ணீர் வராத குழாய்க்கே மனு எழுதி ஓய்ந்தவர் அவர்.

கடைசியில் இதையே பொங்கல் விழாப் பட்டிமன்றமாக வைத்துவிடலாம் என்று முடிவு. ஜனவரி 17. தலைப்பு: இணையக் குப்பையிலிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டியவர் பெற்றோரே? அரசே? நடுவர் ஞானதுரை மாமா. நான் "அரசே" கட்சி. யாரும் என்னைக் கேட்கவில்லை, சீட்டில் வந்தது. எதிர்க்கட்சியில் எதிர்வீட்டு மாரியக்கா.

மாரியக்காவின் முழுப்பெயர் சந்தனமாரி. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் கத்தாரில். ஒரே மகள் தன்ஷிகா, மூன்றாம் வகுப்பு, முன்பல் ரெண்டு இல்லை. அக்கா வேலைக்குப் போனால் தன்ஷி எங்கள் வீட்டில் இருப்பாள். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு பழைய போனை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் அக்கா திரும்பியதும் கைகால் கழுவிவிட்டு, அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனைத் திறப்பார்கள். எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு எல்லாம் கேட்கும்.

"இன்னைக்கு என்ன பாத்தோம்?"

"நாய்க்குட்டி குளிச்சத பாத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாய்க்குட்டி குளிக்காம ஓடுனத பாத்தோம்."

தினமும் இதுதான். பட்டிமன்றத்தில் அக்கா இதைச் சொன்னால் எங்கள் கட்சி காலி.

டிசம்பர் 20

கணக்குப் பரீட்சை. நான் கணக்குப் போடவில்லை, கணக்கு என்னைப் போட்டது.

வீட்டுக்கு வந்தால் அம்மா போனை நீட்டுகிறாள். "ஏட்டி, கவர்மெண்டு ஏதோ ஆப்பு விட்டிருக்காமே. பிள்ளையள் கண்டதப் பாக்காம தடுக்குமாம். போட்டுக் குடு."

அப்படி ஒன்று வந்ததாக எனக்குத் தெரியாது. ஆப்பு வைக்கத் தெரியும். இருபது நிமிஷம் உட்கார்ந்து வரைந்தேன். பச்சைக் கேடயம், நடுவில் வெள்ளை டிக், கீழே "குழந்தைக் கவசம் இயங்குகிறது." டிக் கொஞ்சம் வளைந்து அப்பா மீசை மாதிரி ஆகிவிட்டது. அதை அம்மா போனின் முகப்புப் படமாக வைத்தேன். வெறும் படம். ஒரு மணி நேரத்தில் உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

அம்மா அரை மணி நேரத்தில் ஆறு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 21

ராத்திரி படுத்தபோது பட்டிமன்றப் பேச்சின் கடைசி வரி தானாக வந்தது.

"பெற்றோரே, நீங்கள் நம்பிக்கொண்டிருந்த கவசம் நான் வரைந்த படம். ஒரு படத்தை நம்பித் தூங்கிய உங்களை நம்பியா பிள்ளைகளை விடுவது? ஆகவே, அரசே!"

கைதட்டல் இப்போதே கேட்கிறது. ஜனவரி 17 வரை வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் கஷ்டம்.

டிசம்பர் 22

பதினோரு வீட்டுப் போனில் படம் வைத்தாயிற்று. எங்கள் வீட்டையும் சேர்த்து. வீட்டுக்கு வீடு அச்சுமுறுக்கு, வீட்டுக்கு வீடு "எங்க பிள்ள மாதிரி வருமா." எல்லார் போனுக்கும் பூட்டு எண் அவரவர் வண்டி நம்பர். எங்கள் பிளாக்கைத் திறக்கத் திருடன் தேவையில்லை, வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைப் படித்தால் போதும்.

கடைசியாக மாரியக்கா வீடு. அக்கா யூனிஃபார்மில் இருந்தார்கள், கண்ணெல்லாம் சிவப்பு.

"மெட்டி, இத நம்பலாமா? நான் தெனமும் போன நோண்டிக்கிட்டு இருக்க வேண்டாம்லா?"

"கண்ணை மூடிக்கிட்டு நம்புங்கக்கா."

"அப்பாடா. டூட்டி முடிஞ்சு வந்தா கண்ணு அதுவாத்தான் மூடுது."

தன்ஷி என் தோளில் தொங்கிக்கொண்டு, "இது என்ன செய்யும்?" என்றாள்.

"பாத்துக்கிட்டே இருக்கும். யாராவது கெட்டத பாத்தா கலெக்டர் ஆபீஸ்ல மணி அடிக்கும். உடனே ஜீப்பு வரும்."

"என்ன ஜீப்பு?"

"போலீஸ் ஜீப்பு."

அவள் வாயை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இந்தப் பிளாக்கிலேயே எனக்குக் கிடைத்த நல்ல ரசிகை.

டிசம்பர் 24

குடில் கட்டினோம். வைக்கோல் குத்துகிறது. தன்ஷி ஆடுகளை எண்ணி, "ஒம்பது ஆடு, ஒரு மேய்ப்பன். பத்தாது" என்றாள். அப்பா தன் இரும்புத் தொப்பியைக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்து, "இவரு ரெண்டாவது ஷிப்டு" என்றார். நல்ல நாள்.

டிசம்பர் 26

அக்காவுக்குப் பகல் டூட்டி. அம்மா ரேஷனுக்குப் போயிருந்தாள். நான் மொட்டைமாடியில் மேசைத்துணிகள் காயப்போட்டபடி, யாரும் இல்லாத மாடிக்குப் பட்டிமன்றம் பேசிக்கொண்டிருந்தேன். தன்ஷி கீழே எங்கள் வீட்டில் போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்தபோது போனைக் காணோம், தன்ஷி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "என்னட்டி, சொவத்துல படம் ஓடுதா?" என்றேன். சிரிக்கவில்லை. வயிற்றுவலியாம். ஓமத்தண்ணீர் கொடுத்தேன்.

டிசம்பர் 28

மாசில்லாக் குழந்தைகள் திருநாள், ஏரோது ராஜா கொன்ற பிள்ளைகளின் நினைவு நாள். பூசையில் தூங்கிவிட்டேன்.

தன்ஷி போனின் முன்பக்கக் கேமரா மேல் மருந்துப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள். நர்ஸ் மகள் அல்லவா. "போனுக்கு என்ன காயம் டாக்டரம்மா?" என்றேன். போனை எங்கள் அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

டிசம்பர் 30

தண்ணீர் வருகிற நாள். முப்பத்திரண்டு குடம். கை விட்டுப்போயிற்று.

தன்ஷி கேட்டாள்: "கலெக்டர் ஆபீஸ் எத்தன மணிக்கு மூடும்?"

"அது மூடவே மூடாது" என்றேன், குடத்தைத் தூக்கிக்கொண்டே. "ஏன்?"

"சும்மா."

ஜனவரி 2

பழைய டைரியின் முதல் பக்கங்களுக்குத் திரும்பிவிட்டேன். இதில் இன்றைக்கு வேறு கிழமை போட்டிருக்கிறது.

பேச்சை ஏழு நிமிஷத்துக்குச் சுருக்கியாகிவிட்டது. கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். தன்ஷி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரியை மட்டும் அவள் இருக்கும்போது சொல்லவில்லை. ரகசியம் காக்கிறேனாம். பேசி முடித்ததும், "ஜெயில்ல அம்மாவும் கூட இருக்கலாமா?" என்றாள். டிவியில் ஏதோ பார்த்திருப்பாள்.

ஜனவரி 5

மாரியக்கா மாடியில் துணி எடுக்க வந்தார்கள். கொடிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான்.

"பிள்ளைக்கு என்னன்னு தெரியல மெட்டி. சாப்பிட மாட்டேங்கா. ராத்திரி பாயில ஒண்ணுக்கு இருந்துருதா, நாலு வயசுலயே நிறுத்துனவ. நான் டூட்டிக்குக் கெளம்புனா கைய விட மாட்டேங்கா."

"பள்ளிக்கூடத்துல ஏதாவது..."

"கேட்டுட்டேன், ஒண்ணுமில்லங்காவ. போன்ல எதையாவது பாத்துப் பயந்திருப்பாளோன்னு நெனச்சேன்." அக்கா ஒரு போர்வையை உதறினார்கள். "அதுக்குத்தான் கவசம் இருக்கே."

நான் துணி மடித்தேன். மொத்தம் பத்தொன்பது துணி. அதில் ரெண்டு எங்களுடையதே இல்லை.

ஜனவரி 6

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 7

நான் படம்தான் வரைந்தேன். படம் யாரையும் எதுவும் செய்யாது.

ஜனவரி 8

பள்ளி விட்டு வந்து தன்ஷி பாயில் தூங்கிவிட்டாள். அரிசி டப்பாவிலிருந்து போனை எடுத்தேன். துடைத்துச் சார்ஜ் போட்டேன். 4127, அக்காவின் ஸ்கூட்டர். திறந்துகொண்டது.

பார்த்த படங்களின் வரிசை இருந்தது. நாய்க்குட்டி, நாய்க்குட்டி, பொம்மைப்படம். அந்தப் பொம்மைப்படத்துக்குக் கீழே இன்னொரு இணைப்பு. அது போய் நின்ற இடம் பொம்மைப்படம் இல்லை. பெரியவர்களுக்கானது. அதன் பெயரைக்கூட இங்கே எழுத மாட்டேன். ஒரு விநாடி பார்த்துவிட்டு மூடினேன். எனக்குப் பதினாறு. அவளுக்கு எட்டு.

தேதி: டிசம்பர் 26. மதியம் 2.10. அதற்குப் பிறகு அந்தப் போனில் யாரும் எதையும் திறக்கவில்லை.

2.10-க்கு நான் மாடியில் "அரசே, அரசே" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் படம் வராமல் தடுக்க போனிலேயே இருக்கும் நிஜப் பூட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஆறு நிமிஷ வேலை. படம் வரைய இருபது நிமிஷம் ஆனது.

மாரியக்கா ஐந்தரைக்கு வந்தார்கள். "என்ன மெட்டி, முகம் வாடிக் கெடக்கு?"

"பசிக்கா" என்றேன்.

ஜனவரி 11

"கவசம் அப்டேட்" என்று சொல்லிக்கொண்டு பதினோரு வீட்டுக்கும் போனேன். இந்தத் தடவை நிஜப் பூட்டு. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பொய் போட்டதற்கு முறுக்கு கொடுத்தவர்கள் நிஜம் போட்டதற்குக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தார்கள். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

ஆக, எல்லாம் சரியாகிவிட்டது. இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது. யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. கடைசி வரியை மாற்றிவிட்டால் போதும். வேறு கடைசி வரி யோசிக்க வேண்டும்.

தன்ஷிக்கும் கொஞ்ச நாளில் மறந்துவிடும். சின்னப் பிள்ளைதானே.

ஜனவரி 13

மறக்கவில்லை. இன்றைக்கு லோடு வேன் ஹாரன் அடித்ததற்குக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். வெளியே வர முக்கால் மணி நேரம்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ ஏதும் விளையாட்டுக் காட்டுனியா அவகிட்ட?"

"இல்லம்மா."

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் போய்ப் பாத்திரம் துலக்கினேன். யாரும் சொல்லாமல் நான் பாத்திரம் துலக்கியது இதுதான் முதல் தடவை. அது போதும் அம்மாவுக்குச் சந்தேகப்பட.

ஜனவரி 16

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மாரியக்காவுக்குப் பொங்கல் லீவு கிடைக்கவில்லை. காலை ஏழுக்கே தன்ஷியை எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுத்தான் போக முடிந்தது. நான் தன்ஷியோடு உட்கார்ந்து கரும்பு தின்றேன். அவள் ஒரு துண்டைக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

பதினோரு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போலீஸ் ஜீப். நாளைய விழாவுக்கு மைக் செட் அனுமதி விஷயமாக ரெண்டு பேர் ஞானதுரை மாமாவைத் தேடி வந்திருந்தார்கள். "பாரு தன்ஷி, மாமா மாட்டினாரு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

கரும்புத் துண்டு தரையில் கிடந்தது. தன்ஷி இல்லை.

கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. எதிர்வீடு பூட்டியிருக்கிறது. படியில் இறங்கி ஓடினேன். வாசலில் போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. கலெக்டர் ஆபீஸ். எத்தனை மணிக்கு மூடும். ஜெயிலில் அம்மா. பிளாஸ்திரி. அவள் பயந்தது பார்த்த படத்துக்கு மட்டும் இல்லை. தான் பார்த்ததைக் கவசம் பார்த்துவிட்டது என்று பயந்திருக்கிறாள். மணி அடித்துவிட்டது, ஜீப் வரப்போகிறது, எந்த நாள் என்றுதான் தெரியாது. அதனால்தான் அம்மாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

ஜி பிளாக், கே பிளாக், தண்ணீர்த்தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மா செருப்பில்லாமல் மெயின் ரோடு வரை ஓடினாள். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பெரிய கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. மாரியக்காவுக்குப் போன் போடலாமா என்று அம்மா கேட்டாள். நான் "இன்னும் பத்து நிமிஷம்மா" என்றேன். அந்தப் பத்து நிமிஷம் யாருக்காகக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மொட்டைமாடியை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தேன். மறுபடியும் ஏறினேன். தொட்டிக்குக் கீழே, நாங்கள் கழற்றிப் போட்ட குடிலின் வைக்கோல் மூட்டைக்கும் பழைய காகித நட்சத்திரத்துக்கும் பின்னால், ஒரு சின்னச் செருப்பு தெரிந்தது.

பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பை திறந்திருந்தது. உள்ளே ஒரு கவுன், பல்துலக்கும் பிரஷ், ஒரு பிஸ்கட் பாக்கெட், அவள் அம்மாவின் ஒரு கைக்குட்டை.

"எங்க போற தன்ஷி?"

"போலீஸ் போயாச்சா?"

"போயாச்சு. அவுக மைக் செட்டு கேக்க வந்தாவ."

"பொய் சொல்லுத." பையை இறுக்கிக்கொண்டு, "ஜெயில்ல பேஸ்ட்டு குடுப்பாவளா? பிரஷ் மட்டும்தான் எடுத்தேன். பேஸ்ட்டு ஒண்ணுதான் இருக்கு, அம்மாவுக்கு வேணும்."

நான் வைக்கோல் மேல் உட்கார்ந்தேன்.

"கவசம்னு ஒண்ணு கெடையாது தன்ஷி. அது நான் வரஞ்ச படம். அது எதையும் பாக்காது. மணி அடிக்கும்னு சொன்னதும் நான்தான். எல்லாம் பொய்யி."

"கவர்மெண்டு அனுப்புனது."

"இல்ல. நான்."

"நீ இப்ப பொய் சொல்லுத. நான் வெளிய வரணும்னு சொல்லுத."

நியாயம்தான். என்னை நம்ப அவளுக்கு என்ன இருக்கிறது? கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்தேன். சிமெண்ட் தரையில் கேடயம் வரைந்தேன். நடுவில் டிக். அவள் பைக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"டிக்கு அப்பிடி இருக்காது. வளைஞ்சிருக்கும்."

அழித்து வளைத்துப் போட்டேன். மீசை மாதிரி. கீழே எழுத்தும் எழுதினேன், ஒரு எழுத்து விடாமல். அவள் எல்லாவற்றையும் இருபத்தோரு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் காலை நீட்டிச் செருப்பால் டிக்கைத் தேய்த்தாள். நிமிர்ந்து வாசல் பக்கம் காது கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். கேடயம் முழுவதும் போகும்வரை தேய்த்தாள்.

பிறகுதான் அழுதாள். "அதுவா வந்துது. நாய்க்குட்டி பொம்மைதான் அமுக்குனேன். அதுவா வந்துது. அவுகளுக்கு வலிக்குதோன்னு பயமாயிருந்துச்சு. மூடத் தெரியல."

"நீ ஒரு தப்பும் செய்யல. தப்பு செஞ்சது நான்."

"அப்ப அம்மாட்ட நீ சொல்லு" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

ஐந்தேகாலுக்கு மாரியக்கா ஸ்கூட்டரை நிறுத்தும்போது நான் படிக்கட்டின் அடியில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேடிக்கையான வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அக்கா முதல் படியில் உட்கார்ந்து, ஒரு ஷூவைக் கழற்றினார்கள். இன்னொன்றைக் கழற்றவில்லை.

"எத்தன நாளு?"

"இருபத்தொண்ணுக்கா."

"நான் தெனமும் வந்து பாப்பேன்லா. நீ படம் வச்ச அன்னையோட நிறுத்துனேன்." என்னிடம் பேசுகிற மாதிரி இல்லை. "இருபத்தாறாந் தேதி சாயங்காலம் நான் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பா. கேக்காம படுத்துத் தூங்குனேன்."

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டாந் தேதி உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்கள். "பசின்னு சொன்ன."

"ஆமக்கா."

"மத்த வீட்டுலயும் நீயே போய்ச் சொல்லு. இன்னைக்கே."

ஒரு ஷூவோடு படியேறிப் போனார்கள்.

அம்மாவோடு சேர்ந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். மூன்றாவது வீட்டில், "அப்ப அப்டேட்டுன்னு வந்தியே?" என்றார்கள். அது நிஜம் என்றேன். "இனி நீ எத நெசம்னு சொன்னாலும் நாங்க எப்பிடிட்டி நம்ப?" என்றார்கள். ஞானதுரை மாமா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "லிஃப்டு நோட்டீசும் நீதானா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும்.

அப்பாவிடம் கடைசியாகச் சொன்னேன். அப்பா திட்டவில்லை. "லாரிய மேடையில ஏத்தாமலே எடைச் சீட்டு குடுத்திருக்க" என்றார். பிறகு, "வாங்கிட்டுப் போனவங்களும் ஏத்தச் சொல்லிக் கேக்கல" என்றார். எடைமேடைக்காரருக்கு இதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை கிடையாது.

ஜனவரி 17

பட்டிமன்றம். நான் பேசவில்லை என்று நானே சொல்லிவிட்டேன். நாற்காலி போட்டேன், தண்ணீர் ஊற்றினேன். மேடையில் "அரசே" பக்கம் ஒரு நாற்காலி காலி.

மாரியக்கா மேடையில் மூன்று நிமிஷம்கூட நிற்கவில்லை.

"எனக்குப் பேச வராது. என் கட்சி பெத்தவங்க கட்சி. ஆனா நடுவுல இருபத்தஞ்சு நாளு நான் லீவுல போயிட்டேன். ஒரு சின்னப் பிள்ள எழுதிக் குடுத்த லீவு. படிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டேன். அரசாங்கம் தடுக்கணும், நான் வேண்டாம்னு சொல்லல. எட்டு வயசுப் பிள்ள கைக்கு அது வந்தே இருக்கக் கூடாது. ஆனா வந்துட்டுன்னா, 'வந்துட்டும்மா'ன்னு சொல்ல அதுக்கு ஒரு ஆளு வேணும்லா. அம்புட்டுதான்."

யாரும் கைதட்டவில்லை. மைக் செட்காரர்கூடப் பாட்டுப் போட மறந்துவிட்டார்.

ஞானதுரை மாமா தீர்ப்புச் சொன்னார்: இரண்டு பேரும்தான். எந்தப் பட்டிமன்றத்திலும் எந்த நடுவரும் இதைத்தானே சொல்வார்கள். வழக்கமாக நான் ஊளையிடுவேன். இன்றைக்கு நாற்காலிகளை மடக்கி அடுக்கினேன்.

ஜனவரி 19

அக்கா தன்ஷியை ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளுக்கான மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் அவளோடு ஒரு மணி நேரம் படம் வரைந்தாராம். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார். அம்மாதான் சொன்னாள். என்னிடம் அக்கா பேசவில்லை. தன்ஷியை இப்போது கே பிளாக்கில் ஒரு வீட்டில் விட்டுப் போகிறார்கள்.

பிளாஸ்திரி உரித்தாயிற்றாம். கேமராக் கண்ணாடியில் பசை மட்டும் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறதாம்.

ஜனவரி 20

படியில் தன்ஷி எதிரே வந்தாள். நான் சுவரோரமாக ஒதுங்கினேன். அவள் என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். பாதிப்படியில் நின்று, திரும்பாமல், "உன் டிக்கு நல்லாவே இல்ல" என்றாள்.

ஜனவரி 21

சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் தாளிக்கிற சத்தம். கடுகு வெடித்தது. பிறகு தன்ஷியின் குரல், உள்ளறையிலிருந்து, சத்தமாக:

"அம்மா, இங்க வா. இதுல என்னமோ வருது."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"இரு, வாரேன்."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.